நேசனின் கைக்கு வைத்த சுருதி

கொட்டாஞ்சேனை புஷ்பராஜுக்கு வாய்த்த காது, அவருக்குத் தேவையே இல்லாத காது. ஃபிரிட்ஜ் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மனிதருக்கு, பக்கத்துக் கடை மின்விசிறி எந்தச் சுருதியில் முனகுகிறது என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது. கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, நடுவில் அரைச் சுரம் இடிக்கிறது என்று கல்யாணமான புதிதில் மனைவி யோகேஸ்வரியிடம் சொன்னார்.

"அத அவங்க ரெண்டு பேர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க, ஊர் ரெண்டாகட்டும்" என்றார் யோகேஸ்வரி.

அதன் பிறகு இந்த மாதிரிச் சங்கதிகளைப் புஷ்பராஜ் வீட்டில் எடுப்பதில்லை.

சனி, ஞாயிறுகளில் அவர் ஒரு இசைக்குழுவில் இரண்டாவது கிட்டார். கல்யாண வரவேற்பு, பூப்புனித நீராட்டு விழா, தேவாலயத் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போகிற குழு. முதலாவது கிட்டார் பாட்டுக்கு நடுவில் தனியே எழும்பிப் பறக்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது கிட்டார் நின்றுபோனால்தான், ஏதோ குறைகிறதே என்று தோன்றும். பல கல்யாண ஆல்பங்களில் புஷ்பராஜின் இடது தோள் மட்டும் இருக்கிறது.

கிட்டார் என்பது சமாதான ஒப்பந்தம் மாதிரி ஒன்று. கையெழுத்துப் போட்ட எல்லோரும் கொஞ்சம் ஏமாந்திருப்பார்கள். மூன்றாவது தந்தியை மயிரிழை இறக்கினால் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒரு கோர்ட் தேனாக இனிக்கும், உடனே இன்னொன்று புளிக்கும். ஏற்றினால் இது சரியாகும், அது கோணும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பிழையாக இருந்தால்தான் எதுவும் பெரிய பிழையாகத் தெரியாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். தந்திகள் கீழே வந்து உட்காரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு, அதன் பின்னால் ஒரு திருகாணி. திருகினால் இரும்புத் துண்டு முன்னும் பின்னும் நகர்ந்து தந்தியின் நீளம் கூடிக் குறையும். கிட்டாரின் கழுத்தில் எந்தக் கட்டத்தில் விரல் வைத்தாலும் சுரம் ஓரளவு சரியாக வருவது இந்தத் திருகாணிகளால்தான். ஓரளவு என்பதை மற்றவர்கள் கவனிப்பதில்லை. புஷ்பராஜ் அந்த ஓரளவுக்குள்ளேயே குடியிருந்தார். மெல்லிய விரல் அவருக்கு. தந்தியைத் தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது.

முதலாவது கிட்டார் குகநேசன். வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கம் டயர் கடை வைத்திருந்தவர். லொறி டயரை இரும்பு நெம்புகோலால் விலக்கி விலக்கி அவருடைய இடது கை இறுகிப் போயிருந்தது. அதே கையால்தான் கிட்டார் கழுத்தையும் பிடித்தார். இறுக்கி அழுத்தினால் தந்தி கட்டத்துக்குள் இன்னும் கீழே இறங்கி இழுபடும்; இழுபட்டால் சுரம் ஏறும். வேகம், உருக்கம், மேடையில் தோளை உயர்த்தித் தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கிற அழகு எல்லாம் நேசனிடம் இருந்தன. சுரம் மட்டும் எப்போதும் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

இதை அவரிடம் யாரும் சொல்ல முடியாது. யாரோ சொல்லி, ஏற்கெனவே இரண்டு குழுக்களை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

குழுவின் தலைவர் கொம்பனித்தெரு அஹ்ஸன். கீபோர்டும் அவரேதான். ஒருநாள் புஷ்பராஜைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், எண்ட கீபோர்ட் பொய் சொல்லாது. அது ஒரு எடத்துல நிக்கிது, நேசன் அதுக்கு மேல ஒரு மாடி கட்டுறான். நீ ஏதாச்சும் செய்யேன்."

"நேசன்கிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லி? அவன் கோவிச்சிட்டுப் போனா மேடைல டயரையா வைக்கிய?"

அடுத்த வாரம் தெஹிவளையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பொம்பிளை போட்டோவுக்கு நிற்கும்போதே சாப்பிடப் போய்விடுவது நேசனின் வழக்கம். சாப்பாட்டில் அவர் அவசரப்படுவதில்லை. அந்த நேரத்தில் புஷ்பராஜ் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, நேசனின் சிவப்புக் கிட்டாரில் ஒவ்வொரு திருகாணியாகத் திருகி இரும்புத் துண்டுகளைப் பின்னுக்கு இழுத்தார். நேசன் அழுத்துகிற மாதிரியே பல்லைக் கடித்து அழுத்திப் பார்த்தார், மறுபடி திருகினார். தந்திகளையும் ஒரு பொட்டு இறக்கினார். சாதாரணக் கை தொட்டால் இப்போது அந்தக் கிட்டார் எல்லா இடத்திலும் இறங்கித்தான் ஒலிக்கும். ஆனால் அதைத் தொடப்போவது சாதாரணக் கை இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த நேசன் அன்றைக்கு வாசித்ததைக் கேட்டு அஹ்ஸன் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒவ்வொரு சுரமும் சொன்ன இடத்தில் வந்து நின்றது.

"பாத்தீரோ?" என்றார் நேசன். "நேற்று ஸ்ட்ரிங் மாத்தினனான். நல்ல ஸ்ட்ரிங் போட்டா கிட்டார் தன்ர பாட்டிலை நிக்கும். உம்மடைதான் புஷ்பா, கொஞ்சம் இறங்கிக் கிடக்குது. கவனியும்."

"ஓம், பாக்கிறன்" என்றார் புஷ்பராஜ்.

இப்படியே வருடக்கணக்காக ஓடியது. நேசன் ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் புஷ்பராஜ் ஏதாவதொரு மண்டபத்தின் பின்பக்கம் குந்தியிருந்து அந்த வேலையைத் திரும்பச் செய்தார். "என்ர கிட்டாரிலை இண்டுவரைக்கும் வேற ஆற்ற கையும் பட்டதில்லை" என்று நேசன் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். பக்கத்தில் நிற்கிற புஷ்பராஜைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுவார். அவரும் தலையாட்டுவார்.

ஒரு முற்பகலில், கடைக்குள் அடுக்கியிருந்த டயர்களில் சாய்ந்து உட்கார்ந்த நேசன் எழும்பவில்லை.

பொரளை மயானத்திலிருந்து திரும்பிய பிறகு புஷ்பராஜ் அதைப் பற்றி யாரிடமும் அதிகம் கதைக்கவில்லை. கடைக்குப் போனார், வந்தார். குழுவும் நிற்கவில்லை. நேசன் வாசித்த பகுதிகளையெல்லாம் அஹ்ஸன் கீபோர்டில் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் சரியாகவே இருந்தது. அதுதான் புஷ்பராஜுக்குத் தாங்கவில்லை. மேடையில் இடதுபக்கம் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடத்தை விட்டே அவர் நின்றார். இன்னும் கொஞ்சம் நடுவுக்கு வாங்கள் என்று கமராக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர் கேட்காத மாதிரி இருந்தார்.

ஆண்டுத் திவசம் கிட்ட வரும்போது நேசனின் மனைவி ரஜனி வரச்சொல்லி அனுப்பினார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய ஃபிளாட். சிவப்புக் கிட்டார் பெட்டியோடு கட்டிலின் மேல் கிடந்தது. இரண்டாவது தலையணை அதற்கு.

"புஷ்பாண்ணை, திவசம் முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியிலை ஹோல் எடுத்திருக்கிறன். அவருக்குப் பிடிச்ச அந்த ஆறு பாட்டையும் நீங்கள் எல்லாரும் வாசிக்கோணும். அவற்ற பகுதியை நீங்கள்தான் வாசிக்கோணும். அவற்ற கிட்டாரிலை."

"வாசிக்கிறன் தங்கச்சி."

"ஒண்டே ஒண்டு. அதிலை ஒண்டையும் மாத்தக் கூடாது. அவர் வைச்சது வைச்சபடி இருக்கோணும்."

"ட்யூன் பண்ணத்தானே வேணும்?"

"ஏன்? அவர் பண்ணித்தானே வைச்சவர்?"

கடற்காற்றில் ஒரு வருடம் கிடந்த தந்தி தானாக இறங்கும் என்பதைப் புஷ்பராஜ் விளக்க வேண்டியிருந்தது. ரஜனி யோசித்து, மேலே இருக்கிற முறுக்காணிகளை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

"அதுகளைத் திருகுங்கோ. கீழை இருக்கிற இந்தச் சின்ன ஆணியளைத் தொடாதேங்கோ அண்ணை. இது அவற்ற கணக்கு. இந்தக் கிட்டார் நிக்கிற மாதிரிக் கொழும்பிலை ஒண்டும் நிக்காது எண்டு சொல்லுவாரே, அது சும்மா வருமே? ஒவ்வொரு ஆணியையும் எவ்வளவு யோசிச்சு வைச்சிருப்பார்!"

புஷ்பராஜ் குனிந்து பார்த்தார். நாலாவது திருகாணியின் தலை கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு தேவாலயத் திருவிழாவில், இருட்டில், அவசரத்தில் அவருடைய திருப்புளி வழுக்கிய இடம் அது. எவ்வளவு யோசித்து வைத்தது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இது நான் வைத்தது தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், உன் புருஷன் ஒருநாளும் சுருதியில் வாசித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"தொடமாட்டன்" என்றார்.

பழைய வீட்டை இடித்துவிட்டு அதற்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்த அடுக்குமாடியில்தான் அஹ்ஸன் இப்போது இருந்தார். ஒத்திகை அங்கேதான். புஷ்பராஜ் தன் மெல்லிய விரலால் முதலாவது பாட்டின் இடையிசையை வாசித்தார். நனைந்த துணி கொடியில் தொங்குகிற மாதிரி எல்லாச் சுரமும் தொங்கியது. அஹ்ஸன் கீபோர்டை நிறுத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஒரு திருப்புளி எடுத்துட்டு வரவா?"

"தொடமாட்டன்னு சொல்லிட்டு வந்திருக்கன்."

"உசிரோட ஈக்கக்குள்ள அந்த மனிசன்ட முதுகுக்குப் பின்னால அத்தின வருஷம் திருகின. இப்ப மௌத்தான பொறகுதான் ஒனக்கு நேர்மை வருதா?"

"அப்ப யாரும் தொடாதேன்னு சொல்லல்லையே."

"நீ கேட்டிருந்தாத்தானே மச்சான் சொல்லுவான்!"

அஹ்ஸன் கீபோர்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. நேசன் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு விதமாக அழுத்தியவர். கிட்டாரும் தந்திக்குத் தந்தி வேறு வேறு அளவில் இறங்கியிருந்தது. முறுக்காணியால் ஒரு கட்டத்தில் சரியாக்கினால் அடுத்த கட்டத்தில் கோணியது. இப்படியே மண்டபத்தில் வாசித்தால், டயர் கடைக்கு வந்துபோன வெள்ளவத்தை முழுவதும் உட்கார்ந்து கேட்கும். இதுதானா நேசனுடைய பேர்போன கிட்டார் என்று மனதுக்குள்ளாவது நினைக்கும்.

இனி இருப்பது ஒரே வழி. கிட்டாரை மாற்றக் கூடாது என்றால் கையை மாற்ற வேண்டும்.

புஷ்பராஜ் சிவப்புக் கிட்டாரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து அழுத்தத் தொடங்கினார். காலையில் கடைக்குப் போகுமுன் அழுத்தினார், வந்த பிறகும் அழுத்தினார். விரல் நுனிகள் வெடித்தன. கடையில் வோஷர் எடுத்துக் கொடுக்கக்கூட விரல் மடியவில்லை.

"என்ன, கிட்டார்ல ரொட்டி தட்டுறீங்களா?" என்று குசினியிலிருந்து யோகேஸ்வரி கேட்டார். "இந்த வயசுல இது தேவையா? இத்தன வருஷம் பூ மாதிரி வாசிச்சீங்க."

"பூ மாதிரி வாசிச்சத நீ கேட்டியா?"

"கேக்காமலா பூன்னு சொல்றன்?"

இதை யோகேஸ்வரி முன்பே சொல்லியிருக்கலாம் என்று புஷ்பராஜுக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிறு காலை அது வந்தது. அழுத்தினார், சுரம் கீழேயிருந்து எழும்பி வந்து சரியாக நின்றது. அடுத்ததும் நின்றது. அப்போதுதான் தன் தோள் உயர்ந்திருப்பதையும் தாடை இறுகியிருப்பதையும் கவனித்தார். நேசன் மேடையில் அப்படி நின்றதை இத்தனை காலமும் ஸ்டைல் என்று நினைத்திருந்தார். அது ஸ்டைல் இல்லை, பாரம். அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறார். புஷ்பராஜ் கிட்டாரைக் கீழே வைத்தார். நேசன் போன பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலுக்குத் தன் சொந்தக் கிட்டாரை எடுத்தார். எல்லாச் சுரமும் ஏறி நின்றது.

பம்பலப்பிட்டி மண்டபம் நிறைந்திருந்தது. மாலை போட்ட படம், குத்துவிளக்கு, முன்வரிசையில் சொந்தக்காரர்கள். பின்வரிசைகளில் ஓட்டோக்காரர்களும் வேன்காரர்களும், சிங்களவர்களும் பலர். "நேசன் அய்யே" என்று அண்ணன் முறை சொல்லியே அவரைக் கூப்பிட்டுப் பழகியவர்கள். புஷ்பராஜ் சிவப்புக் கிட்டாரோடு இடதுபக்கத்தில் போய் நின்றார். தோளை உயர்த்தினார். அழுத்தினார்.

ஆறு பாட்டிலும் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. மூன்றாவது பாட்டிலேயே விசும்பல் கேட்டது. "கண்ண மூடினா நேசன்தான்" என்று யாரோ சொல்ல, அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மண்டபம் முழுவதும் புஷ்பராஜின் வாசிப்பை மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

முன்வரிசையில் ரஜனி மட்டும் கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் மேடைக்கு வந்தார். அஹ்ஸன் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா வாசிச்சியள் அண்ணை. இப்பதான் எனக்கு ஒண்டு விளங்கினது."

"என்ன தங்கச்சி?"

"எல்லாம் கிட்டார்தான். ஆர் எடுத்து வாசிச்சாலும் அப்பிடியே வருது. நான் இவ்வளவு காலமும் அவற்ற கை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அக்கான்ர பொடியன் கனடாவிலையிருந்து கேட்டவன். குடுத்துவிடுவம். சாமான்தானே."

புஷ்பராஜ் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். நேசனின் பெயர் கெடக் கூடாது என்று விரலைக் கிழித்துக்கொண்டு பழகியது கடைசியில் இதில் வந்து நின்றது. கொஞ்சம் மோசமாக வாசித்திருந்தாலாவது நேசன் பிழைத்திருப்பார்.

"அஹ்ஸன், அந்தக் கேபிளைக் குடுங்க. கீபோர்ட்ல ஒரு சுரத்தப் பிடிச்சிட்டு நில்லுங்க."

அஹ்ஸன் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தார். புஷ்பராஜ் தன் பழைய விரலால், பூ மாதிரி, அதே சுரத்தைத் தொட்டார். இரண்டும் ஒட்டவில்லை, நடுவில் ஏதோ நடுங்கியது. ரஜனியின் முகம் சுருங்கியது.

"கேக்குதா? இது நான். இப்ப பாருங்க." தோளை உயர்த்தி அழுத்தினார். சுரம் மெதுவாக ஏறிப் போய்க் கீபோர்டின் சுரத்துக்குள் மறைந்தது. நடுக்கம் நின்றது.

"இந்தக் கிட்டார் பிழை தங்கச்சி. சும்மா தொட்டா ஒண்டும் சரியா வராது. ஆர் வாசிச்சாலும் வராது. நேசன் மாதிரி அழுத்தினாத்தான் வரும். நாலு பாட்டுக்கு மேல என்னால முடியல்ல. மிச்ச ரெண்டும் வலியோடதான் வாசிச்சன். அவர் இத முழு நாளும் வேலை செஞ்சிட்டு வந்து வாசிச்சவர்." இடது கையை விரித்துக் காட்டினார்.

ரஜனி அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தானே ஒரு விரலைத் தந்தியில் வைத்து அழுத்தினார். இரும்பு வெட்டியதும் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.

அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப இதை இப்பிடிப் பிழையா வைச்சது ஆர்?"

அஹ்ஸனின் கீபோர்ட் சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. விரலை எடுக்க அவர் மறந்திருந்தார்.

"அவர்தான்" என்றார் புஷ்பராஜ். "தன்ட கைக்குத் தக்கதா."

"நான் சொன்னனான்தானே!" ரஜனியின் முகம் மலர்ந்தது. "அவற்ற கணக்கு எண்டு சொன்னனானே!" அதைச் சொல்வதற்காகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் வேகமாகப் போனார்.

அஹ்ஸன் விரலை எடுத்தார். "மச்சான், நீ சொர்க்கத்துக்குத்தான் போவாய். ஆனா முன்வாசலால உட மாட்டாங்க."

கிட்டார் கனடாவுக்குப் போகவில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போது ஒரு கதையும் உலாவுகிறது: தன் கையைத் தவிர வேறு கைக்கு மசியாத மாதிரி நேசன் ஒரு கிட்டாரை வைத்தாராம்; கூட வாசித்த ஒருவர் ஒரு வருடம் முயன்று ஒருநாள் மட்டும் வாசித்தாராம், விரல் போய்விட்டதாம். டயர் கடைப் பக்கத்தில் அந்த ஒருவரின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புஷ்பராஜும் யோகேஸ்வரியும் அங்கே போகிறார்கள். பால்கனிக் கதவு திறந்தே இருக்கும். கடற்காற்றில் தந்திகள் கறுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக இறங்கிவிட்டன. கீழே கடற்கரையோடு ரயில் போகும்போது சுவர் அதிர்ந்து ஆறும் சேர்ந்து முனகும். எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாத முனகல். யோகேஸ்வரி ஓரக்கண்ணால் கணவரைப் பார்ப்பார். போன தடவை ரஜனி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும்போது ரயில் போனது. அவர் தட்டோடு நின்று, முடியும்வரை கேட்டார்.

"இன்னும் ட்யூனிலை நிக்குது என்னண்ணை?"

புஷ்பராஜ் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"ஓம் தங்கச்சி. அப்படியே நிக்குது."